பொறுத்தார் மீன் வளர்ப்பார்!

கொல்லைப்புறத்தில் ஒரு தார்ப்பாலின் தொட்டி. அதில் 3,000 லிட்டர் தண்ணீர், சுமார் 50 கிலோ மீன். தினமும் ஒரு கிலோ தீவனம். சின்ன அளவில் மீன் வளர்க்கும் ஒரு குடும்பத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கும். பிள்ளைகள் தீவனம் போட அடித்துக்கொள்வார்கள். இரண்டாவது வாரம் தண்ணீர் கலங்கும், லேசாக வாடை வரும். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவசரமாகப் பாதித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அது பக்கத்து வீட்டு வாசலில் போய்த் தேங்கும். மீனும் போய், பக்கத்து வீட்டுப் பேச்சுவார்த்தையும் போனபிறகு, 'மீன் வளர்ப்பு நமக்கு ராசியில்லை' என்று தொட்டியைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுவார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணக்குதான் தவறு.

30 கிராம் படுத்தும் பாடு

மீன் தின்னும் தீவனத்தில் புரதம் அதிகம். அந்தப் புரதத்தில் ஒரு பங்குதான் மீனின் சதையாகிறது. மீதியில் பெரும்பகுதி அமோனியாவாக வெளியேறுகிறது. நமக்குச் சிறுநீர் போல மீனுக்கு இது. ஆனால் மீன் இதைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் விட்டுவிடும்.

ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 30 கிராம் அமோனியா என்பது மீன் வளர்ப்பில் புழங்கும் தோராயக் கணக்கு. சாப்பாட்டு மேசையில் 30 கிராம் என்றால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மீன் தொட்டியில் கதை வேறு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் அமோனியா இருப்பது நல்லது என்பார்கள். அந்த அளவுக்கு 30 கிராமை நீர்க்கச் செய்ய 30,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். பெரிய தண்ணீர் லாரியில் இரண்டரை லோடு. அதுவும் தினமும்!

'தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும்' என்ற யோசனை இந்த இடத்தில்தான் உடைகிறது. அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? அதைவிட, அவ்வளவு கழிவுநீரை எங்கே விடுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. அமோனியா எல்லா நேரமும் ஒரே அளவு விஷமாக இருப்பதில்லை. 30 டிகிரி வெப்பத்தில், தண்ணீரின் பி.எச். 7 ஆக இருந்தால் 100-ல் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு நஞ்சு. 9 ஆனால் 40 பங்குக்கு மேல்! பச்சைப் பாசி பிடித்த தொட்டியில், வெயில் ஏறஏற பி.எச்.சும் ஏறும். காலையில் துள்ளிய மீன் சாயங்காலம் துவண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாரிஸில் ஒரு கண்ணாடிக் குழாய்

இந்த அமோனியாவை என்ன செய்வது? பதில் கிடைத்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகின்றன. அதைக் கண்டுபிடித்தவர்கள் மீன் வளர்த்தவர்கள் அல்ல, சாக்கடைத் தண்ணீரை ஆராய்ந்தவர்கள்.

1877-ம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டின் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் மணலும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பினார்கள். மேலிருந்து சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டார்கள். கீழே வடியும் தண்ணீரைச் சோதித்தார்கள்.

முதல் நாள், அமோனியா அப்படியே வந்தது. பத்தாவது நாளும் அப்படியே. சுமார் 20 நாள் வரை ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு அமோனியா குறைந்தது; அதற்குப் பதிலாக நைட்ரேட் வரத் தொடங்கியது. நைட்ரேட் என்பது செடிகள் விரும்பிக் குடிக்கும் உரச்சத்து.

வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். 20 நாள் காத்திருப்பு எதற்கு? சந்தேகப்பட்ட விஞ்ஞானிகள் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் நின்றுபோனது. பிறகு கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றினார்கள். நாள்பட மறுபடி நைட்ரேட் வந்தது.

குழாய்க்குள் உயிருள்ள ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பது அப்போது உறுதியானது. 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது; அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது.

இன்று பல லட்ச ரூபாய்க்கு விற்கும் மீன் பண்ணை வடிகட்டிகளுக்குள்ளும் வேலை பார்ப்பது இதே பாக்டீரியாக்கள்தான். இயந்திரத்துக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அவற்றுக்கு வசதியான வீடு கட்டித் தருவதற்கான செலவு. அந்த வீட்டை ஜல்லியிலும் கட்டலாம்.

பாக்டீரியாவுக்கு 650 சதுர அடி வீடு

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழவே விரும்பும். கல்லின் மேல் வழவழப்பாக ஒரு படலம் படியுமே, அதுதான் அவற்றின் குடியிருப்பு. ஆகவே வடிகட்டிக்கு முக்கியம் பரப்பு.

வெதுவெதுப்பான நம் ஊர்த் தண்ணீரில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் வாழும் பாக்டீரியா ஒரு நாளில் அரை கிராம் அமோனியாவை மாற்றும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 30 கிராமுக்கு 60 சதுர மீட்டர். சதுர அடியில் சொன்னால் சுமார் 650. ஒரு சின்னக் குடும்பம் வாழும் வீட்டின் அளவு!

அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லியை ஒரு கன மீட்டர் குவித்தால், எல்லாக் கற்களின் மேற்பரப்பும் சேர்ந்து சுமார் 200 சதுர மீட்டர் வரும். எனவே 60 சதுர மீட்டருக்கு 300 லிட்டர் ஜல்லி போதும். அடைப்பு, அழுக்கு, மின்தடை என்று எதிர்பாராதது வரும் என்பதால் இரண்டு மடங்காக வைத்துக்கொள்வது நல்லது. 600 லிட்டர். அதாவது 200 லிட்டர் டிரம் மூன்று.

ஜல்லிதான் வேண்டும் என்பதில்லை. தண்ணீர் பாட்டில் மூடிகள், துண்டு துண்டாக நறுக்கிய எலெக்ட்ரிகல் பைப், உடைந்த செங்கல், எதுவும் ஆகலாம். பரப்பு பொருளுக்குப் பொருள் மாறுவதால் தாராளமாகவே நிரப்ப வேண்டும். பெயின்ட், எண்ணெய், பூச்சிமருந்து பட்ட பொருள்களும் டிரம்களும் கூடவே கூடாது.

மொட்டை மாடியில் தொட்டி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 3,000 லிட்டர் தண்ணீர் என்பது 3 டன் எடை. ஒரு டிரம் ஜல்லி மட்டும் சுமார் 300 கிலோ. மாடி தாங்குமா என்று இன்ஜினீயரைக் கேட்காமல் ஏற்றக்கூடாது. அவர் சரி என்றாலும், மாடிக்கு ஜல்லியைவிட பாட்டில் மூடியே நல்லது.

முதலில் துடைப்பம், பிறகு பாக்டீரியா

பலர் நேராக ஜல்லி டிரம்முக்குத் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். இரண்டே வாரத்தில் ஜல்லி இடுக்கெல்லாம் மீன் கழிவு அடைத்துக்கொண்டு நாற ஆரம்பிக்கும். ஒரு கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ அளவுக்குத் திடக்கழிவு வரும். அதை முதலில் பிரிக்க வேண்டும்.

வரிசை இதுதான்.

முதல் டிரம், படிய வைக்க. தொட்டியின் அடியிலிருந்து வரும் தண்ணீர், டிரம்மின் ஓரமாகச் சுழன்றபடி நுழைய வேண்டும். காபியைக் கலக்கிவிட்டால் அடியில் நடுவாகத் தூள் சேர்வதுபோல, கழிவு டிரம்மின் நடு அடியில் சேரும். அடியில் ஒரு வால்வு வைத்து, காலையும் மாலையும் திறந்துவிட்டால் கட்டிக் கழிவு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது டிரம், சலிக்க. பழைய கொசுவலையோ பச்சை நிழல்வலையோ சுருட்டித் திணித்தால் போதும். படியாமல் தப்பி வரும் துகள்கள் இதில் சிக்கும். வாரம் ஒருமுறையாவது எடுத்து அலச வேண்டும்.

அதற்கடுத்த மூன்று டிரம்களும் பாக்டீரியாவின் வீடு. ஜல்லியோ மூடியோ நிரப்பி, அடியில் காற்றுக்கல் வைக்க வேண்டும். ஒரு கிராம் அமோனியாவை மாற்ற பாக்டீரியாவுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் தேவை. மீனுக்கு மட்டும் காற்று கொடுத்துவிட்டு வடிகட்டியை மறந்தால் வேலை நடக்காது.

கடைசியில் மோட்டார். சுத்தமான தண்ணீரைத்தான் அது மேலே தூக்க வேண்டும். ஆரம்பத்திலேயே மோட்டாரை வைத்தால், அது கழிவை மிக்ஸியில் அடித்ததுபோல அரைத்துவிடும். பிறகு எந்த வலையிலும் நிற்காது. தொட்டித் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வடிகட்டி வழியே போய் வரும்படி மோட்டார் இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு எதற்கு?

பாரிஸ் குழாயில் மணலோடு சுண்ணாம்புக்கல்லும் இருந்ததல்லவா? அதற்கும் இங்கே வேலை இருக்கிறது.

அமோனியாவை நைட்ரேட் ஆக்கும்போது தண்ணீரின் காரத்தன்மை குறைந்துகொண்டே வரும். ஒரு கிராமுக்கு ஏழு கிராம் சுண்ணாம்புச் சத்துக்கு ஈடாக அது செலவாகிறது. நம் கணக்கில் தினமும் 200 கிராமுக்கு மேல். சத்து தீர்ந்துவிட்டால் பி.எச். சரியும், பாக்டீரியா சோர்ந்துபோகும், அமோனியா ஏறும். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் இது நடப்பதால் காரணமே புரியாது.

உப்புச் சுவை கொண்ட, கடினமான போர் தண்ணீராக இருந்தால் அதிலேயே ஓரளவு காரத்தன்மை இருக்கும். இல்லையென்றால் கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ வலைப்பையில் கட்டி வடிகட்டியில் போட்டுவைக்கலாம். பி.எச். இறங்கும்போது அது தானாகக் கரைந்து கொடுக்கும். சுட்ட சுண்ணாம்பைக் கொட்டுவது ஆபத்து. பி.எச். ஒரேயடியாக ஏறினால், இருக்கிற அமோனியா எல்லாம் நஞ்சாகிவிடும்.

அந்த 20 நாள்

இவ்வளவும் செய்த பிறகும் மீன் சாவது உண்டு. காரணம், அவசரம்.

டிரம்மை நிரப்பி மோட்டாரைப் போட்ட முதல் நாளில் அது வெறும் ஜல்லி. அதில் பாக்டீரியா குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீனை விட்டு வயிறு நிறையத் தீவனம் போட்டால், அமோனியாவைக் கையாள ஆளிருக்காது.

முதல் கூட்டம் வேலையைத் தொடங்கியதும் அமோனியா இறங்கும். 'அப்பாடா' என்று மூச்சு விடும்போதுதான் அடுத்த கண்டம். இரண்டாவது கூட்டம் இன்னும் வந்து சேராததால் நைட்ரைட் ஏறும். அது மீனின் ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். ரத்தமே பழுப்பு நிறமாகும். தண்ணீரில் காற்று தாராளமாக இருந்தும் மீன் மூச்சுக்குத் திணறும். நன்னீர் மீன்களுக்கு இந்தச் சமயத்தில் 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ கல் உப்பு கரைத்துவிட்டால், நைட்ரைட் செவுள் வழியே உள்ளே புகுவது பெரிதும் குறையும். தீவனத்தையும் நிறுத்திவைக்க வேண்டும்.

ஆகவே, முதல் மாதம் கொஞ்சம் மீன், கால் பங்கு தீவனம். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சோதனை கிட் கொண்டு அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்த்து எழுதிவைக்க வேண்டும். இரண்டும் ஏறி இறங்கிய பிறகே மீனையும் தீவனத்தையும் கூட்ட வேண்டும். நோயில்லாத ஒரு பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து இரண்டு வாளி ஜல்லி கிடைத்தால் காத்திருப்பு குறையும். மண் கரைத்த நீரை விஞ்ஞானிகள் ஊற்றியதும் இதே காரணத்துக்குத்தான். தயிருக்கு உறை ஊற்றுவது போல.

குளோரோஃபார்ம் செய்த வேலையை நாம் செய்யக்கூடாது

குழாயில் குளோரோஃபார்ம் பட்டதும் எல்லாம் நின்றுபோனது நினைவிருக்கிறதா? வீட்டில் அதே வேலையை பிளீச்சிங் பவுடர் செய்யும். ஜல்லி வழவழவென்று இருக்கிறதே என்று குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால், ஒரு மாத உழைப்பு ஒரே நாளில் போகும். கழுவியே தீர வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு டிரம் மட்டும்.

மீனுக்கு நோய் வந்தால் ஆன்டிபயாடிக்கையும் பெர்மாங்கனேட்டையும் தொட்டியில் கொட்டுவதும் அப்படித்தான். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பார்ப்பதே சரி.

கரன்ட் பல மணி நேரம் போய்விட்டால், வடிகட்டியில் தேங்கிய தண்ணீர் ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுப்போயிருக்கும். கரன்ட் வந்ததும் அதை அப்படியே தொட்டிக்குள் அனுப்பாமல், வடிகட்டித் தண்ணீரை முதலில் வெளியே திறந்துவிட வேண்டும். ஏர் பம்ப்புக்கு மட்டுமாவது ஒரு பேட்டரி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வெளியே வரும் தண்ணீர் எங்கே போகிறது?

வடிகட்டி அமோனியாவை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டை யார் எடுத்துக்கொள்வார்கள்? வாழையும் கீரையும்தான். தினமும் வால்வில் திறந்துவிடும் கட்டிக் கழிவை எருக்குழியில் சேர்க்கலாம். அவ்வப்போது மாற்றும் தண்ணீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம். உப்புப் போட்ட நாள்களில் மட்டும் செடிக்கு விடாமல் இருப்பது நல்லது. இதே உரச்சத்து ஏரியிலும் வாய்க்காலிலும் போய் விழுந்தால் பாசி மண்டி, அங்குள்ள மீன்கள் மூச்சடைத்துச் சாகும். அதே தண்ணீர்தான், சேரும் இடத்தைப் பொறுத்து உரமாகவோ நஞ்சாகவோ ஆகிறது.

குளம் வெட்டி வளர்ப்பவர்களுக்கு டிரம் கணக்கு ஒத்துவராது. அவர்கள் கழிவுநீரை நேரே வாய்க்காலில் விடாமல், ஒரு படிவுக் குட்டையில் தேக்கி, வெட்டிவேர், கல்வாழை நட்ட ஆழமில்லாத கால்வாய் வழியே மெதுவாக நகரவிட்டு, வயலுக்குப் பாய்ச்சலாம். வேர்களின் மேல் குடியிருப்பதும் அதே பாக்டீரியாக்கள்தான்.

ஆனால் உப்புத் தண்ணீர் இறால் பண்ணையில் இந்தக் கடைசி வழியும் அடைபட்டுப்போகிறது. உப்பு நீரை வயலுக்குப் பாய்ச்ச முடியாதே! 1990-களில் நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, நிலமும் குடிதண்ணீரும் கெடுவதாக மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டிய இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பின்னர் 2005-ல் தனிச் சட்டம் வந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் உருவானது. பண்ணையின் வேலிக்குள் முடித்திருக்க வேண்டிய வேலையை வெளியே தள்ளினால், விவகாரம் எதுவரை போகும் என்பதற்கு இது சாட்சி.

கொல்லைப்புறத் தொட்டிக்கு உச்ச நீதிமன்றம் வராது. பக்கத்து வீட்டுக்காரர் வருவார்.

வாங்கும் வரிசை

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், தகுதியுள்ள மீன் வளர்ப்புத் தொட்டி அமைப்புகளுக்குப் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் என வகுத்தார்கள். இப்போது என்ன கிடைக்கிறது என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். வளர்க்கும் மீனுக்கு அனுமதி தேவையா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடுவது நல்லது.

மானியம் தொட்டி வாங்கித் தரும், மோட்டார் வாங்கித் தரும். நாலு வாரத்தை வாங்கித் தராது. அதனால் வாங்கும் வரிசை முக்கியம். முதலில் டிரம்மும் ஜல்லியும். அடுத்து மோட்டார், ஏர் பம்ப், சோதனை கிட். பிறகு, கூட்டத்தைத் தொடங்கிவைக்க நாலைந்து மீன். நோட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கியதை எழுதி முடித்த பிறகுதான் மீன்குஞ்சுக்கு முன்பணம்.